பார்த்து இறங்கு, பாப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பதினெட்டு நாளாக அம்மாவுக்கு "ஓகே", "ம்" என்று மெசேஜ் மட்டும்தான் போடுகிறாய். வேலை இருக்கும், குறை சொல்லவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெங்களூரில் உன் வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து. கைப்பிடியைப் பிடித்து இறங்கு. துடைத்த தரை காய்கிறவரை நடக்காதே.

போன மாதம், 2024 பிப்ரவரியில், துருக்கியில் நம் இந்தியப் பெண்கள் கால்பந்து ஆடியதைப் பார்த்திருப்பாய். அலான்யா என்று கடலோர ஊராம். நாலே நாலு நாடு: நாம், எஸ்டோனியா, ஹாங்காங், கொசோவோ. செமிபைனல், பைனல் எதுவும் இல்லை. ஆளுக்கு மூன்று மேட்ச், புள்ளி அதிகம் எடுத்தவருக்குக் கோப்பை. உலகக் கோப்பை மாதிரிப் பெரிய போட்டியில் சேராத இந்த மாதிரி மேட்சைத்தான் பிரண்ட்லி என்பார்களாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ ஒருநாள் சொன்னாய், "பிரண்ட்லின்னா சும்மா இல்லப்பா. கோச் புதுப் பிள்ளைங்களை இறக்கிப் பார்க்கிறதே அதுலதான். ஒரு சான்ஸ்தான்." நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" போட்டேன். நீ இப்போது அனுப்புகிற "ம்" எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

எஸ்டோனியாவை 4-3 என்று ஜெயித்தோம். ஐரோப்பிய அணி ஒன்றை நம் சீனியர் பெண்கள் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. 4-1 என்று இருந்ததைக் கடைசியில் 4-3 வரை கொண்டுவந்து வயிற்றைக் கலக்கிவிட்டார்கள். மனிஷா கல்யாண் இரண்டு கோல். இரண்டாவது பாதியில் நம் கடலூர் இந்துமதி ஒன்று போட்டது. அந்தப் பெண் போலீஸில் எஸ்.ஐ. தெரியுமா? தெரியாமலா இருக்கும். தெருவில் நாலு பேரிடம் நானே போய்ச் சொன்னேன், என்னவோ நான் பெற்ற பிள்ளை மாதிரி. அடுத்து ஹாங்காங்கை 2-0. கொசோவோவிடம் 1-0 என்று தோற்று இரண்டாவது இடம். அந்தக் கோலும் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் விழுந்தது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை என்று தம்பி உன்னிடம் சொல்லியிருந்தால் அது பொய், இரண்டு தோசை சாப்பிட்டேன்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? வீட்டிலிருந்தே வேலை பார்த்தாயே, அப்போது. பிரேசிலில் மனாஸ் என்ற ஊரில் இதே மாதிரி நாலு நாடு ஆடின. முதல் மேட்ச் நமக்கு விடியற்காலையில். நான் விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நிமிஷமே பிரேசில் கோல். சரிதான் என்று படுக்கப் போகலாமா என யோசிக்கிறேன், உன் அறைக்குள்ளிருந்து "அடிடீ!" என்று ஒரு சத்தம். என் போனில் பந்து இன்னும் நம் பக்கத்திலேயே கிடக்கிறது. ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் போனில் மனிஷா ஓடி வந்து பந்தை வலைக்குள் அடித்தது. உன் போன் என் போனைவிட வேகம். அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை பாப்பா, உன் கதவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 6-1 என்று தோற்றோம். பிரேசில் ஆட்டக்காரி பார்மிகா 43 வயதில் தன் நாட்டுக்காகக் கடைசியாக ஆடின மேட்ச் அது, ஏழு உலகக் கோப்பை ஆடினவர். காலையில் காபி குடிக்கும்போது நீயும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது உன் நீலப் பையை நான் தொடவில்லை. ஜிப் திறந்திருந்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்றும் கேட்கப்போவதில்லை. நல்ல டாக்டராகப் பார். காசு வேண்டுமென்றால் தம்பி மூலமாகச் சொல். ஈரத்தில் மட்டும் இறங்காதே. வலிக்கிறதென்றால் அன்றைக்கு விட்டுவிடு. எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை நீ, ஆயா மாதிரியே.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் துருக்கி, பிரேசில் என்று சுற்றிவிட்டேன். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்ட கால்பந்து செலக்‌ஷனுக்கு முன்னால் உன் ஸ்டட்ஸ், அதான் அடியில் குமிழ் வைத்த அந்த ஷூ, வாய் பிளந்துவிட்டது. தைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். வெள்ளி ராத்திரி வரை மூன்று தடவை கேட்டாய். "இன்னும் தைக்கலையாம்" என்றேன். செருப்புத் தைக்கிறவர் வியாழக்கிழமையே தைத்துக் கொடுத்துவிட்டார். 40 ரூபாய். மஞ்சள் நூலில், நெருக்கமான தையல். ஆபீஸ் மேஜையின் கீழ் டிராயரில் பேப்பர் சுற்றி வைத்துப் பூட்டினேன். ஆயா சொன்னதால் என்று அம்மா இன்றைக்கும் நினைக்கிறாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டட்ஸ் இல்லையென்றால் போகமாட்டாய் என்று நானே நினைத்துச் செய்தது. நீ கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனாய். முந்தின ராத்திரி மழை. இடது காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்று உன்னிடமே சொன்னேன்.

தைலம் தேய்த்துவிட்டது நான்தான் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பதில் எழுது என்று கேட்கவில்லை. சித்திரையில் வருவதாக இருந்தால் டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடு, மேல் பர்த் வேண்டாம். சித்தப்பா விஷயம் நீ சொன்ன மாதிரியே ஆனது, நேரில் சொல்கிறேன். உன் கட்டிலையும் பீரோவையும் கீழ் அறைக்கு இறக்கிப் போட்டாயிற்று. இப்போது எதற்கு என்று அம்மா கேட்டாள். மாடியில் வெயில் தாங்காது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அப்பா