மீட்புச் சொற்களைச் சங்கப் பெட்டகத்தில் வாங்கி வைக்க வேண்டாம்

சுங்கை சிப்புட் வட்டாரக் கூட்டுறவுச் சங்கத்தின் மதிப்பிற்குரிய இயக்குநர் வாரியத்தாருக்கு,

வணக்கம். கிரிப்டோ நாணயம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அந்த நாணயத்தை எடுக்கச் சாவியாக உதவும் தங்கள் மீட்புச் சொற்களை உறையிலிட்டுச் சங்கத்தின் இரும்புப் பெட்டகத்தில் ஒப்படைக்கலாம் என்றும், அவர்கள் இறந்தால் அந்த உறை வாரிசிடம் கொடுக்கப்படும் என்றும் உங்கள் சுற்றறிக்கையில் படித்தேன். நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆயினும் அத்திட்டத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்தத் தேவை எப்படிப்பட்டது என்பதை எங்கள் குடும்பம் அறியும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி மகன் 29 வயதில் சாலை விபத்தில் இறந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவனுடைய பழைய துணி, படுக்கை, நோட்டுப் புத்தகங்களையெல்லாம் செம்பனைக் காட்டோரம் கொண்டுபோய் எரித்தோம். அந்த நோட்டுகளில் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் 12 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தது பிறகுதான் அவன் தங்கைக்கு நினைவு வந்தது. அவன் முன்பொருமுறை அவளுக்கு அனுப்பிய வாலட் முகவரியை (வங்கிக் கணக்கு எண் போன்றது) வைத்து அவனுடைய ஈத்தர் என்ற கிரிப்டோ நாணய இருப்பை இன்றும் கைப்பேசியில் பார்க்க முடிகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. அந்த நாணயத்தின் சாவியைப் பூட்டி வைத்திருக்கும், பென்டிரைவ் போன்ற அவனுடைய கருவி அலமாரியில் இருக்கிறது. இரகசிய எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டால் உள்ளிருப்பதை அது அழித்துவிடும் என்று தெரிந்ததிலிருந்து யாரும் அதைத் தொடுவதில்லை.

அப்படியானால் சங்கம் வாங்கி வைப்பது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நிலக் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, ஒருவன் திருடினாலும் நில அலுவலகத்தில் பெயர் மாறாமல் நிலம் அவனுடையதாகாது. அடகுச் சீட்டு தொலைந்தாலும் சத்தியப் பிரமாணம் செய்து நகையை மீட்டுக்கொள்ள வழியுண்டு. மீட்புச் சொற்களோ, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கணினி தேர்ந்து தரும் 12 அல்லது 24 சொற்கள். அவற்றைப் படித்தவர் எவரோ அவர் கையில் பணம் இருக்கிறது. உறையைப் பிரித்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டிவைத்தால் எவருக்கும் தெரியாது, போன நாணயத்தைத் திருப்பித்தர நடுவில் வங்கியும் கிடையாது. நீங்கள் நாணயமானவர்கள் என்பதில் (சொல் தானாக வந்து விழுந்தது) எனக்கு ஐயமில்லை. ஆனால் வாரியம் மாறும், பெட்டகச் சாவி கைமாறும். ஒருவருடைய நாணயம் காணாமற்போனால் சாவி தொட்ட அத்தனை பேர் மீதும் பழி விழும், அதை மறுக்க உங்களிடம் ஓர் ஆதாரமும் இருக்காது.

பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் சீவிய என் தந்தையும் மாதம் 10 வெள்ளி கட்டினார். அந்தப் பணத்துக்கு அவர் பெயரில் பதிவு இருந்தது. நீங்கள் இப்போது வாங்கி வைக்க நினைப்பது பெயரே இல்லாத சாவியை.

ஆறு சொல் வீட்டிலும் ஆறு சொல் சங்கத்திலும் இருக்கட்டும் என்ற மாற்று யோசனையும் உதவாது. ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் போகும். ஒரு பாதி கிடைத்த திருடனுக்கோ மீதியைக் கண்டுபிடிக்கும் வேலை பன்மடங்கு குறையும். மூன்று சாவிகளில் எவையேனும் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும் என்ற மல்ட்டிசிக் ஏற்பாடு வேறு. அதில் ஒரு சாவியைச் சங்கம் வைத்திருப்பதை நான் எதிர்க்கமாட்டேன்.

சங்கம் வாங்கி வைக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: என்ன நாணயம் உள்ளது, எந்தத் தளத்தில் அல்லது கருவியில் உள்ளது, சொற்கள் எழுதிய தாளோ உலோகத் தகடோ எங்கே இருக்கிறது, அதை அறிந்தவர் யார் என்பன மட்டும் அதில் இருக்கட்டும். சொற்களை உயிலிலும் எழுதக் கூடாது, ஏனெனில் உயில் நீதிமன்றத்துக்குப் போகும்போது பல கண்கள் அதைப் படிக்கும். 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிவைத்தது செல்லாமற்போகும். உயில் இல்லாதவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் மூவகையினரும் உயிரோடிருக்கும்போது, பெற்றோருக்குக் கால், துணைவருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி என்று பிரிக்கிறது; ஆனால் சொற்கள் இல்லாவிட்டால் பிரிப்பதற்கே எதுவும் கைக்கு வராது. இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதியில் வாரிசின் பெயர் கொடுத்துவிட்டோமே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நியமனம் இ.பி.எஃப். பணத்துக்கு மட்டுமே.

சொற்களைக் காப்பாற்றும் பொறுப்பு தனக்கு ஒத்துவராது என்று நினைப்பவர், மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவுபெற்ற தளத்தில் வைத்திருப்பது மேல் என்பது என் கருத்து. அங்கே சாவி நிறுவனத்திடம் இருப்பதால், நீதிமன்றம் நியமித்த நிர்வாகி ஆவணங்களுடன் போய்க் கேட்க முடியும். இறந்தவரின் கைப்பேசி எண்ணை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதிருக்கச் சொல்லுங்கள். கணக்கில் நுழையத் தேவைப்படும் உறுதிக் குறியீடு (ஓ.டி.பி.) அந்த எண்ணுக்குத்தான் வரும்.

தீபாவளி விடுமுறையில் சிங்கப்பூர், ஜொகூர் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்தைத் திறந்து வையுங்கள். தாளை நிரப்ப உதவுவதற்கு நானும் என் தம்பி மகளும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சங்க உறுப்பினர்
சுங்கை சிப்புட்