பஞ்சை இப்படிக் கழுவாதே

கண்ணா,

நீ அனுப்பிய மீன்தொட்டி வீடியோவை நாலு தடவை பார்த்தேன். கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, கூழாங்கல்லில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஆனால் அந்த நாலு நியான் டெட்ரா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. வாராவாரம் எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஃபில்டர் பஞ்சையும் குழாயில் கழுவி வைப்பதாகச் சொன்னாயே, அங்கேதான் தப்பு.

திட்டவில்லை. நானும் அதையே செய்தவள்தான். நீ பிறப்பதற்கு முன்னால் பதினோரு கப்பி மீன் வளர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பஞ்சைப் புதுசுபோல ஆகும்வரை குழாயடியில் பிழிந்தேன். புதன்கிழமை தண்ணீர் கலங்கியது, வெள்ளிக்கிழமை மூன்றுதான் மிச்சம். வியாதி என்று நினைத்து மருந்து வேறு ஊற்றினேன், கூத்து!

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான். அது செவுளைப் புண்ணாக்கிவிடும். பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், அது அவ்வளவு மோசமில்லை. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீ வாராவாரம் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவி அதைக் கொன்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய்.

இன்றைக்கே கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்று. ஊற்றும் தண்ணீரில் முதலில் ஆன்டி குளோரின், அதாவது குளோரினை முறிக்கும் மருந்து, கலந்துகொள். வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது. தொட்டித் தண்ணீரைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார். ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம், செத்துவிடாது. ஒரு டெஸ்ட் கிட் வாங்கித் தினமும் பார். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் மறுபடி கால் பங்கு மாற்று. இரண்டும் பூஜ்யமாகி அப்படியே நின்றபிறகு வாரம் ஒருமுறை போதும்.

பஞ்சு அடைத்துக்கொண்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை அமுக்கி எடுத்தால் சரி.

தீனி விஷயத்தில் உனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஐந்து வயதில் "பாவம்மா, பசிக்குது" என்று டப்பா முழுவதையும் கவிழ்த்தாயே. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். மீனின் வயிறு அதன் கண்ணளவுதான் என்று நினைத்துக்கொள்.

நியான் கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் திரியும். அதற்காக இப்போதே ஓடிப்போய் வாங்காதே. உன்னுடையது 30 லிட்டர் தொட்டி. சின்னத் தொட்டியில் கழிவு சீக்கிரம் ஏறிவிடும். தண்ணீர் நிலைக்கட்டும், அப்புறம் இரண்டு மட்டும் வாங்கு. வாங்கினதைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர். உடம்பில் உப்புத் தூவினாற்போல் புள்ளி வந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய், உடனே எனக்குப் போன் செய். ஹீட்டரை 25 டிகிரியில் வை, அடிக்கடி திருகாதே. கோல்டுஃபிஷ் மேல் ஒரு கண் இருக்கிறது உனக்கு, தெரியும். அது குளிர்ந்த தண்ணீர் மீன், பெரிதாக வளரும், இந்தத் தொட்டிக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா. கண்ணாடியைத் துடைக்காமல் வை. முதலில் அந்தப் பஞ்சைக் காட்டு, கொஞ்சமாவது பழுப்பேறியிருக்கிறதா பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா