சனிக்கிழமை ஜெக்கில் ஐலண்ட் கோல்ஃப்
மக்களே, சனிக்கிழமை கன்ஃபர்ம். பப்ளிக் கோர்ஸ்தான், மெம்பர்ஷிப் வேணாம், 1947-ல அமெரிக்காவோட ஜார்ஜியா ஸ்டேட் இந்தத் தீவை வாங்குறதுக்கு முன்னாடி கோடீஸ்வரங்க கிளப்போட இடம் இது, இப்ப நாம ஆடப்போறோம்னு நினைச்சாலே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. தீவுக்குள்ள கார் போக பார்க்கிங் பாஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துடுங்க. நாம ஆடப்போற கிரேட் டியூன்ஸ் கோர்ஸ் கடலை ஒட்டி இருக்கு, காத்து அடிச்சா பந்தைத் தாழ்வா அடிங்க. போன தடவை ஃபேர்வே (பந்து அடிக்கிற புல்வெளி) நடுவுல மூணு மான் மேய்ஞ்சுட்டு இருந்துச்சு, அதுங்க நகர்ற வரைக்கும் கோல்ஃப் மட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு சத்தமே போடாம நின்னோம். குளத்துல முதலை உண்டு, தண்ணியோரம் பந்து போனா விட்டுடுங்க, ப்ளீஸ். கொசு மருந்து கொண்டு வாங்க. வர்றவங்க இன்னிக்கு நைட்டுக்குள்ள பேர் போடுங்க, டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம்) புக் பண்ணணும்.