அந்த ராத்திரி பள்ளியில் தங்கிய 43 பிள்ளைகளுக்காக

எங்கள் எஸ்டேட் மக்களுக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கும் எச்.எம். டீச்சரின் வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி 43 பிள்ளைகள் பள்ளியிலேயே படுத்துத் தூங்கினார்கள். மறுநாள் 43 பேரும் நல்லபடியாக வீடு சேர்ந்தார்கள். உதவிய ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது ஊருக்கே தெரியவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

எஸ்டேட் ஆபீஸில் மழை அளக்கும் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். அன்று இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட், லீவு விடவில்லை. ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யலாம் என்று கணக்கு. மாவட்டம் முழுவதற்கும் அந்த ஒரே நிறம்தான். எங்கள் சரிவில் எவ்வளவு கொட்டுகிறது என்று அவருடைய மழைமானிக்குத்தான் தெரியும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அவரே போன் செய்து அளவைச் சொன்னார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு ஜீப் ஓட்டும் தம்பி நனைந்துகொண்டே ஓடி வந்தார். "டீச்சர், ஓடைத் தண்ணி செம்மண்ணாட்டம் வருது, உள்ளே கல்லு உருள்ற சத்தம் கேக்குது" என்றார். அதற்கு முந்தின வருடம் இதே மாதிரி ஒரு மழையில் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். அவர்கள் நடந்துபோன பாதையில் அரை மணி நேரத்தில் மண் சரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதற்கப்புறம் பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் இந்தத் தடவை ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன். வார்டு மெம்பரிடம் சொன்னேன், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கும் சொன்னேன். மெம்பர், "நீங்க வச்சிருங்க டீச்சர், கேள்வி வந்தா நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பற்றி நாலாம் வகுப்பு டீச்சர் எழுதிவைத்த லய நோட்டு இல்லாவிட்டால் அன்று ஒன்றும் நடந்திருக்காது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 உயிர் போனது. கரண்ட்டும் இல்லை, போனும் இல்லை; விடிந்த பிறகுதான் வெளியே சேதி தெரிந்தது. போனை நம்பியிருக்கக் கூடாது என்று அப்போதே சொன்னவர் இந்த டீச்சர். எந்தப் பிள்ளை எந்த லயம், எந்த வழியாகப் போகும், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று வீட்டுக்கு இரண்டு பேர் பெயரை, மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு லயமாக நடந்து போய் எழுதிவைத்தார்.

சாயங்காலம் சொல்லிவைத்த மாதிரி டவர் போய்விட்டது. ராத்திரி எட்டு மணி இருக்கும், ஒரு அப்பா பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மேல்ரோடு வழியாகச் சுற்றி நடந்து வந்தார். தூங்குகிற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுப்பவில்லை. "மத்தவங்க பேரையும் எழுதிக் கொடுங்க, போற வழியில சொல்லிடறேன்" என்றார். நோட்டைப் பார்த்து 43 பெயரையும் லயம்வாரியாக எழுதி, பாலிதீன் பையில் சுற்றிக் கொடுத்தோம். அந்த மழையில், அந்த இருட்டில், ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று பெயர் பெயராகப் படித்துச் சொல்லியிருக்கிறார். அண்ணே, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிள்ளைகளைக் கீழ்க் கட்டடத்திலிருந்து மேல் ஹாலுக்கு மாற்றச் சொன்னவர் நம் பெரியவர். 1924இல் மூணாறு ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன தொண்ணூற்றொன்பது வெள்ளத்தை (கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அந்தப் பெயர்) பற்றித் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். கீழ்க் கட்டடத்துக்குப் பின்னால் இருப்பது பழைய நீர்ப்போக்கு என்று அவர் சொன்னபோது எங்களில் யாருக்கும் அது தெரியாது. விடிந்து பார்த்தால் கீழ் வராந்தாவில் முழங்கால் அளவு சேறு.

சமையல் அக்கா எப்போதும் மூன்று நாள் அரிசியும் பயறும் நனையாமல் தனியாக எடுத்து வைத்திருப்பார். அதில்தான் ராத்திரிக் கஞ்சியும் காலைக் கஞ்சியும். ஆயாம்மா ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை. ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று அம்மாவைக் கேட்டு அழுதபோது, நாலாம் வகுப்புப் பையன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். கண்ணா, உனக்கும் நன்றி.

மதியம் வாசலில் நின்று என்மேல் கோபப்பட்ட அம்மாமார்களே, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவ்வளவு கோபத்திலும் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளை விட்டுப் போனீர்கள். அது பெரிய காரியம்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. நாலாம் வகுப்பு டீச்சர் புது நோட்டு போட்டுவிட்டார். லயம் மாறிப்போன வீட்டுக்காரர்கள், போன் நம்பர் மாற்றியவர்கள், சனிக்கிழமை காலை பள்ளிக்கு வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். நானும் இருப்பேன்.