கருவி வைத்த பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கெட்டர், செட்டர்களை, அதாவது ஒரு ஃபீல்டின் (கிளாஸுக்குள் தரவை வைக்கும் இடம்) மதிப்பை எடுத்துத் தரும், மாற்றும் சிறு நிரல்களை, இனி கையால் எழுத வேண்டாம், கருவிகளே எழுதித் தரும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. சரிதான். ஆனால் அந்தக் கருவிகள் வைக்கும் பெயர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. அது தெரியாமல் எங்கள் குழு இரண்டு நாள் அல்லாடியது.

எங்கள் ஜாவா கிளாஸ் ஒன்றில் 'இமெயில்' என்று ஒரு ஃபீல்டு. ஆங்கிலத்தில் 'இ' சிறிய எழுத்து, 'எம்' பெரிய எழுத்து. ஐடிஇ (நிரல் எழுத உதவும் மென்பொருள்) எழுதித் தந்த கெட்டரில் 'கெட்' என்பதை அடுத்து அந்தச் சிறிய 'இ' அப்படியே இருந்தது. பிறகு, கெட்டர், செட்டர்களைத் தானே உருவாக்கும் லாம்பாக் என்ற ஜாவா கருவிக்கு மாறினோம். அது 'இ'யையும் பெரிய எழுத்தாக்கியது. கம்பைலர் காட்டிய இடங்களைத் திருத்தினோம். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

அப்புறம்தான் வினை. ஜேசனை (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதி அனுப்பும் உரை வடிவம்) கையாளும் ஜாக்சன் என்ற ஜாவா நூலகம், கெட்டர், செட்டர் பெயர்களிலிருந்துதான் ஃபீல்டின் பெயரைக் கண்டுபிடிக்கிறது. 'கெட்', 'செட்' போக மீதியின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் பெரிய எழுத்துகள் அத்தனையையும் சிறியதாக்கிவிடும். ஆக, 'எம்'மும் சிறியதாகிவிட்டது. திரையிலிருந்து பழைய பெயரில் வந்த முகவரியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாத பெயரைக் கண்டால் ஜாக்சன் 2 வழக்கமாகப் பிழை காட்டும். நாங்கள் பயன்படுத்தும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டோ அந்தச் சோதனையை அணைத்தே வைத்திருக்கிறது. சத்தமே இல்லாமல் முகவரிகள் 'நல்' ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், பதிவாயின. எங்கள் டெஸ்ட்கள் செட்டரை நேரடியாக அழைத்தனவே தவிர, ஜேசன் வழியாகப் போகவே இல்லை.

'இஸ்ஆக்டிவ்' என்று பெயர் வைப்பதும் இதே கதைதான். வகை சாதாரண பூலியனாக (ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு) இருந்தால் லாம்பாக் 'இஸ்' என்பதை முன்னொட்டாக எடுத்துக்கொள்ளும். ஜேசனில் 'ஆக்டிவ்' மட்டும் வரும். 'நல்' வரலாமே என்று பெரிய 'பி' போட்ட பூலியனாக மாற்றினால், கெட்டர் 'கெட்இஸ்ஆக்டிவ்' ஆகிவிடும், ஜேசனில் 'இஸ்ஆக்டிவ்' முழுதாக வரும். வகையைத்தான் மாற்றினோம், வெளியே போகும் பெயரும் மாறிவிட்டதே!

லாம்பாக்கின் அமைப்புக் கோப்பில் 'பீன்ஸ்பெக்' என்று கொடுத்தால், முதல் எழுத்து சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் உள்ள பெயர்கள் ஐடிஇ வழியில் வரும். 'இஸ்' சிக்கலை அது தீர்க்காது. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி படிக்கும் பெயரை முதலிலேயே வைத்துவிடுவதுதான் நல்லது என்பேன். 'இமெயில்' முழுக்கச் சிறிய எழுத்தில், 'ஆக்டிவ்' முன்னால் 'இஸ்' இல்லாமல். கூடவே, ஜேசன் உரையை உள்ளே கொடுத்து, வெளியே எடுத்து ஒப்பிடும் டெஸ்ட், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒன்றாவது வேண்டும். நாங்கள் எழுதிய முதல் டெஸ்டிலேயே இன்னும் இரண்டு ஃபீல்டுகள் மாட்டின.

இப்படிக்கு,
நிரல் எழுதும் ஒரு வாசகர்