ஓர் ஊசியில் முடிகிற காரியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'இனி கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே தேவையில்லை, ஓர் ஊசி போதும்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. கல்லீரல் செல்களை உடலுக்குள் செலுத்தும் முறையைப் பற்றிய கட்டுரை அது. எழுதியவர் பெயரைப் போடவில்லை. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

இதழ் வந்த வாரமே என் கணவரின் சித்தப்பா அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அவசரப்பட்டு எங்கள் பையனை அறுக்கக் கொடுத்துவிட்டாயேம்மா. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஓர் ஊசியோடு போயிருக்குமே" என்றார். அந்தப் பையன் என் கணவர்தான், வயது 42. எங்கள் மகளுக்குத் தன் கல்லீரலின் இடது மடலைக் கொடுத்தவர். அப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

என் மகளுக்கு வந்தது கிரிக்லர்-நஜ்ஜார் நோயின் முதல் வகை. மருத்துவப் பக்கம் நடத்துகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இந்த நோயில் கல்லீரலின் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவைக் கரையும்படி மாற்றி வெளியேற்றுகிற ஒரேயொரு நொதி மட்டும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் மஞ்சள் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தொட்டுவிடும். அதைத் தடுக்க நாள்தோறும் 10, 12 மணி நேரம் குழந்தையை நீல வெளிச்சத்தில் கிடத்த வேண்டும். வலைத்துணி கட்டிய கட்டில், அடியில் வரிசையாக நீலக் குழல் விளக்குகள். மழைக்காலத்தில் ஈசல் மொய்த்துச் சிறகுகள் குழலில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்துவிடுமே என்று சாயங்காலம் தோறும் துணியால் ஒவ்வொரு குழலாகத் துடைத்த பிறகுதான் படுக்க வைப்போம். மின்தடை அறிவிப்பு வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. குழந்தை வளர வளரத் தோல் தடிக்கிறது, எடைக்கேற்ற உடல் பரப்பு இல்லாமல் போகிறது, விளக்கு முன்போலப் பலிப்பதில்லை. நாங்கள் அவசரப்பட்டது அதனால்தான்.

இப்போது உங்கள் ஊசிக்கு வருகிறேன். பிறவியிலேயே இதே மஞ்சளோடு பிறக்கிற எலி இனம் ஒன்று ஆய்வகங்களில் உண்டு. கன் எலி என்பார்கள். நல்ல எலியின் கல்லீரல் செல்களைச் செலுத்தினால் இவற்றுக்கு மஞ்சள் இறங்குகிறது என்று 1976-லேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவர் ஐரா ஃபாக்ஸ் குழுவினர் இதே நோயுள்ள 10 வயதுச் சிறுமிக்கு 750 கோடி செல்களைக் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை வழியே செலுத்திய விவரத்தை வெளியிட்டார்கள். அவ்வளவு செல்கள் சேர்ந்தும் கல்லீரலில் சுமார் 5 சதவீதத்துக்குத்தான் ஈடு. மஞ்சள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, விளக்கில் கிடக்கும் நேரமும் குறைந்தது. பின்னாளில் அந்தச் சிறுமிக்கும் மாற்று அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டிவந்தது. உங்கள் கட்டுரையில் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு இடம் போதவில்லை போலும். எதிரே அரைப்பக்க விளம்பரம் இருந்ததே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போதாக்குறைக்கு 'வெளிநாட்டு விஞ்ஞானிகள் அண்மையில் கண்டறிந்த முறை' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஹைதராபாத்தில் டாக்டர் ஹபீபுல்லா குழுவினர், கல்லீரல் திடீரெனச் செயலிழந்த நோயாளிகளின் வயிற்றறைக்குள் கருவின் கல்லீரல் செல்களைச் செலுத்திப் பார்த்து, அதை 1994-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே நடந்தது நமக்குச் செய்தி ஆவதில்லை. அமெரிக்காவில் நடந்தால் உடனே அற்புதம்.

இத்தனை வருடம் ஆகியும் இது ஏன் ஊருக்கு ஊர் கிடைக்கவில்லை என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா? செல்கள் எங்கிருந்து வருகின்றன? தானமாகக் கிடைக்கும் நல்ல கல்லீரல் நேரே அறுவை சிகிச்சைக்குப் போய்விடும், அதுதான் நியாயம். கொழுப்பு மிகுந்தது, நெடுநேரம் குளிரில் இருந்தது என்று ஒதுக்கப்பட்டவைதான் பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வந்து சேர்கின்றன. கொலாஜினேஸ் நொதியை ஓடவிட்டு அதிலிருந்து செல்களைப் பிரிக்கிறார்கள். உடனே பயன்படுத்தாவிட்டால் திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். உருக்கி எடுக்கும்போது ஒரு பங்கு செத்துப்போகிறது, பிழைத்ததும் எளிதில் ஒட்டுவதில்லை. ரத்தத்தில் கலந்தவுடன் உறைதலும் அழற்சியும் கிளம்ப, செலுத்தியதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே அழிந்துவிடுகிறது. தப்பிய கொஞ்சமும் நுண்குழாய்ச் சுவரைத் தாண்டிப்போய் இடம் பிடிக்க வேண்டும். உழாத வயலில் நாற்றை வீசினால் எத்தனை வேர் பிடிக்கும்? அதனால்தான் கல்லீரலின் ஒரு பகுதிக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்துப் புதிய செல்களுக்கு இடம் பண்ணலாமா என்று நியூயார்க்கில் ஜயந்த ராய்-சவுத்ரி, சந்தன் குகா போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். இவை எல்லாவற்றையும் கடந்து ஒட்டிய செல்களும் பலருக்கு ஓராண்டுக்குள் ஓய்ந்துவிடுகின்றன. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையும் விடாது. ஊசி என்றால் மாத்திரை இல்லை என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் தவறில்லை, நீங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சிகிச்சையே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அனில் தவான் குழுவினர், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் செல்களை அடைத்து, கல்லீரல் திடீரெனச் செயலிழந்த 8 குழந்தைகளின் வயிற்றறையில் செலுத்தினார்கள். மணிக்குள் இருப்பதால் உடலின் எதிர்ப்பு நெருங்குவதில்லை, அடக்கும் மருந்தும் தேவையில்லை. 4 குழந்தைகள் மாற்று அறுவை சிகிச்சை இல்லாமலே தேறினார்கள். ஜப்பானில், பிறந்த சில நாளில் ரத்தத்தில் நச்சான அம்மோனியா ஏறிய ஒரு குழந்தைக்கு, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கருமூலச் செல்களிலிருந்து உருவாக்கிய கல்லீரல் செல்களைச் செலுத்தி, அறுவை சிகிச்சையைத் தாங்கும் அளவுக்கு வளரும்வரை காப்பாற்றினார்கள், 2020-இல் அறிவித்தார்கள். பிறகு அந்தக் குழந்தைக்கும் தகப்பனார்தான் கல்லீரல் கொடுத்தார், என் கணவரைப் போலவே. செல்கள் கொடுத்தது அவகாசம். எலி மருந்து விஷத்தால் கல்லீரல் செயலிழந்து வருகிற பிள்ளைகளை நம் மாநில மருத்துவமனைகளில் பார்த்தவர்களுக்கு அந்த அவகாசத்தின் விலை தெரியும். நீங்கள் அவகாசத்தைக் குணம் என்று அச்சடித்துவிட்டீர்கள்.

கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டிய அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரச் சோதனையும் அப்படித்தான். 2024-இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவுக்குள் செல்களைச் செலுத்தி அங்கே குட்டிக் கல்லீரல் வளர்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதி பெறாதவர்களுக்கான சோதனை அது. ஒரு கல்லீரலிலிருந்து 75 பேருக்கு வரை கொடுக்கலாம் என்பது சோதனையை நடத்துகிற நிறுவனத்தின் நம்பிக்கை. நீங்கள் அதை நடந்துமுடிந்த காரியம்போல எழுதியிருக்கிறீர்கள்.

அந்த விளம்பரத்துக்கு வருகிறேன். 'ஸ்டெம் செல் மூலம் கல்லீரல் சுருக்கத்துக்கு நிரந்தரத் தீர்வு.' ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்ததை நீங்கள் அறிவீர்கள். கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு அவர்களது சொந்த ஸ்டெம் செல்லையே செலுத்திப் பார்த்த பிரிட்டன் ஆய்வில் பலனில்லை என்று 2018-இல் முடிவு வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் பெரியப்பா மகன் இதுபோன்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஓர் இடத்துக்குப் போனார். இரண்டு பவுன் சங்கிலி முதற்கொண்டு போயிற்று. காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிய வேண்டிய மாதங்களும் அங்கேயே கழிந்தன. இப்போது அவர் இல்லை. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும்தான். ஆனால் கல்லீரல் என்றாலே உங்கள் ஓவியருக்குப் பாட்டில் படம்தான் வரையத் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட அண்ணியிடம் தாழ்ந்த குரலில் அதைத்தான் கேட்டார்கள்.

இன்னொன்று. 'எந்தக் காமாலைக்கும் கீழாநெல்லி' என்று முன்பு நீங்கள் வெளியிட்டபோது, எல்லாக் காமாலையும் ஒன்றல்ல என்று விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். 'தங்கள் இதழைத் தவறாமல் வாசிக்கிறேன்' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே மருத்துவப் பக்கத்தில், ராசிபலனுக்கு அடியில் அல்ல, இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: இது இன்னும் சோதனையில் இருக்கிற முறை, யாரும் இதை நம்பி மாற்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று. ஒதுக்கப்படும் கல்லீரலும் ஆய்வுக்குப் பயன்படும் என்று உறுப்பு தானம் பற்றி எழுதும்போது ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. என் பெயரும் ஊரும் வேண்டாம், மகள் பள்ளிக்குப் போகிறாள். திருத்தம் வருகிற இதழின் ஒரு பிரதியைச் சித்தப்பாவுக்கு நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தென்காசி மாவட்டம்