பிளாக் செய்த நண்பனைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை உன் அழுகைதான் காதில் விழுந்தது. இரண்டாவது முறைதான் விஷயம் புரிந்தது. ஒரு வருடமாகத் தினமும் காலையில் உன் நண்பனுக்கு ஒரு பைபிள் வசனம் அனுப்பியிருக்கிறாய். நடுவில் இரண்டு தடவை அவன் "போதும்டா" என்றிருக்கிறான். நீ அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டு இன்னும் நீளமாக அனுப்பியிருக்கிறாய். இப்போது அவன் உன்னை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிவிட்டான். "முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, இவனை விட்டுவிடலாமா அண்ணா? இல்லை, வேறு நம்பரிலிருந்து அனுப்பவா?" என்று கேட்கிறாய்.

இரண்டாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதே. கதவைச் சாத்திக்கொண்டவன் வீட்டில் ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பதற்கு ஊழியம் என்று பெயர் கிடையாது.

முதல் கேள்வி அவ்வளவு சுலபமில்லை. அதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெரியம்மா இறந்துபோனார்கள். பெரியப்பா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பரலோகம், நரகம், நித்தியம் என்று அரைமணி நேரம் பேசினேன். தேவன் திறந்த வாசல் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு வருடம் என்னோடு பேசவே இல்லை. நானோ, சுவிசேஷத்துக்காக உறவினர் என்னைப் பகைக்கிறார்கள் என்று சபையில் சாட்சி வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்றைக்கு அவரால் எழுந்து போக முடியாது, போக இடமும் இல்லை. அதைத்தான் நான் திறந்த வாசல் என்று எண்ணியிருக்கிறேன். அவர் தள்ளியது சுவிசேஷத்தையா, என்னையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். கேட்கிறவன் எழுந்து போக முடியாத இடத்தில் பேசாதே. படுக்கையில் கிடக்கும் நோயாளி, உன் கீழே வேலை பார்க்கிறவன், உன்னிடம் மார்க்கு வாங்கவேண்டிய மாணவன், இவர்களெல்லாம் தலையாட்டினால்கூட அதற்கு அர்த்தம் கிடையாது.

சரி, முத்துக்கு வருவோம். அந்த வசனம் மத்தேயு 7:6. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாயா? அதற்கு நேர் முன்னால், சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்கப் போகிறவன் தன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை முதலில் எடுக்கட்டும் என்கிறார். அதற்கும் முன்னால், குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள். நேர் பின்னால், கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் முத்து வருகிறது. உத்திரத்தைத் தடவிப் பார்க்காதவன் அந்த வசனத்தை எடுத்தால், அது ஆளுக்கு ஆள் 'பன்றி' என்று முத்திரை குத்தும் கட்டையாகிவிடும். நாம் பேசியதை ஒருவன் கேட்கவில்லை என்ற கோபத்தில் இந்த வசனத்தை எடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் எடுத்திருக்கிறேன். இயேசு நம் கையிலிருக்கும் முத்தைப் பற்றிப் பேசுகிறார். விலையுயர்ந்த ஒன்றை மிதிபடும் இடத்தில் வீசாதே, அவ்வளவுதான். உன் நண்பன் யார் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்த வசனம் உனக்குத் தரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, அவன் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் விழுந்த முத்தை அவன் மிதித்தான் என்றால், வீசினது யார்?

இயேசுவின் சீடர் யோவானைப் பற்றிச் சொல்லவேண்டும். லூக்கா 9-ல் சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழிக்கட்டுமா ஆண்டவரே என்று கேட்கிறார்கள். அவர் திரும்பி அவர்களை அதட்டினார். பிறகு வேறொரு கிராமத்துக்குப் போனார்கள். வாதம் இல்லை, சாபம் இல்லை, பேசாமல் நடந்துவிட்டார்கள். இதோடு கதை முடியவில்லை. அப்போஸ்தலர் 8-ல் சமாரியர் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று எருசலேமில் கேள்விப்பட்டு இரண்டு பேரை அனுப்புகிறார்கள். ஒருவர் பேதுரு. இன்னொருவர், அதே யோவான். நெருப்புக் கேட்ட வாய், அந்த ஜனங்கள் பரிசுத்த ஆவியைப் பெறவேண்டும் என்று ஜெபிக்கிறது. திரும்பும் வழியில் சமாரியருடைய அநேக கிராமங்களில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பழைய கிராமமும் அதில் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. இருந்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

கொரிந்துவிலும் இப்படித்தான். யூதருடைய ஜெப ஆலயத்தில் எதிர்த்து நின்று தூஷித்தபோது அப்போஸ்தலன் பவுல் வஸ்திரத்தை உதறிவிட்டு வெளியே வந்தார். எங்கே போனார்? யுஸ்து என்பவருடைய வீட்டுக்கு. அந்த வீடு ஜெப ஆலயத்துக்கு அடுத்த வீடு! (இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.) பேசுவதை நிறுத்தினார், ஆனால் பக்கத்துச் சுவரை விட்டுப் போகவில்லை. பிறகு அந்த ஜெப ஆலயத் தலைவன் கிறிஸ்புவே குடும்பத்தோடு விசுவாசித்தார். பவுல் அந்த ஊரில் ஒன்றரை வருடம் தங்கினார்.

உன்னை உண்மையில் தூங்கவிடாதது இதெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பேச்சுவாக்கில் சொன்ன 'இரத்தப்பழி'தான். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம், 3-ம் அதிகாரம். காவற்காரன் எச்சரிக்காமல் விட்டால், செத்தவனுடைய இரத்தப்பழி அவன் கையில் கேட்கப்படும். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கினவர்கள் உண்டு. ஆனால் அதே அதிகாரத்தைக் கடைசிவரை யாரும் வாசிப்பதில்லை. காவற்காரனாக வைக்கப்பட்ட அதே எசேக்கியேலிடம், வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள் என்கிறார் தேவன். உன் நாவை மேல்வாயோடு ஒட்டவைப்பேன், நீ ஊமையாக இருப்பாய் என்கிறார். நான் உன்னோடு பேசும்போது உன் வாயைத் திறப்பேன் என்கிறார். எச்சரிக்கச் சொன்னவரே வாயையும் கட்டுகிறார். எருசலேம் விழுந்த செய்தி வருகிற சமயத்தில்தான், 33-ம் அதிகாரத்தில், அந்த வாய் முழுசாகத் திறக்கிறது. எசேக்கியேலின் மவுனம் கடமை தவறுதல் ஆகவில்லை. நீயும் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, முந்நூறு தடவைக்கு மேல். எக்காளத்தை ஒரு முறை ஊதினால் எச்சரிக்கை. ஓயாமல் ஊதினால் ஊரே காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும்.

மோனிக்கா என்ற அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பாய், பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய். மகன் மானிகேயம் என்ற வேறு மதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த அம்மா ஒரு பிஷப்பிடம் போய், நீங்கள் அவனோடு பேசி வாதாடுங்கள் என்று கெஞ்சினார். அந்த பிஷப்பே சிறு வயதில் அந்த மதத்தில் வளர்ந்தவர். வாதம் அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்கள், படித்துப் படித்து அவனே கண்டுபிடிப்பான் என்றார். அம்மா விடவில்லை, அழுதார். கடைசியில் சலித்துப்போய், போங்கள் அம்மா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை அழிந்துபோகமாட்டான் என்று சொல்லி அனுப்பினார். 383-ல் அகஸ்டின் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் காலத்து பிளாக் அதுதான். 387-ல் மிலானில் ஞானஸ்நானம் எடுத்தார். அம்மா பின்னாலேயே போனார் என்பதும் உண்மை. ஆனால் நீ அம்மா இல்லை, நண்பன்.

எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது என்று சூத்திரம் கேட்காதே. நீதிமொழிகள் 26-ல் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று நாலாம் வசனம். கொடு என்று ஐந்தாம் வசனம். பக்கத்துப் பக்கத்தில். எந்த நாளுக்கு எந்த வசனம் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் கேள்வி. கிண்டலாகக் கேட்டாலும் பதிலுக்காகக் காத்திருக்கிறான் என்றால் பேசலாம். நீ வாய் திறந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவுகிறவனுக்கு உன் பதில் தேவையில்லை. கோபப்படுகிறவனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். உன் நண்பனுடைய அப்பாவைச் சபைக்காரர் ஒருவர் ஏமாற்றினார் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதைப் பற்றி அவனிடம் ஒருநாளாவது கேட்டாயா? பேதுருகூட, விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லத்தான் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். அவன் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை, தம்பி.

பெரியப்பா ஆறு வருடத்துக்கு அப்புறம் ஒருநாள் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ ஜெபமெல்லாம் பண்ணுவியே, இன்னும் பண்றியா?" என்றார். பண்றேன் என்றேன். "எனக்குமா?" என்றார். தினமும் என்றேன். "ம், சரி" என்று பக்கத்தைத் திருப்பினார். வாய் வரைக்கும் வந்த வசனத்தை விழுங்கிவிட்டேன். சொல்லியிருக்கலாமோ என்று சில ராத்திரி யோசிப்பேன். அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, இதுவரை.

உன் நண்பன் அடுத்த மாதம் வீடு மாறுகிறான், ஆள் தேடுகிறான் என்று இன்னொரு நண்பன் சொன்னதாகச் சொன்னாயே. போ. முதலில், "போதும்னு நீ சொன்னப்போ நான் நிறுத்தியிருக்கணும்" என்று ஒரே வாக்கியம் சொல். "ஆனால்" என்று தொடராதே. வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு. சரி என்றால், கனமான பெட்டியாகப் பார்த்து எடு.

அன்புடன்,
அண்ணன்